பாட்டில் அடைக்கிற நாள்

முதல்லயே ஒரு டிஸ்கி: இது வீட்டுல பீர் செய்யறதைப் பத்தின பதிவு. நான் இருக்கிற ஆஸ்திரேலியாவுல சொந்த உபயோகத்துக்கு வீட்டுல பீர் செய்ய சட்டம் இடம் கொடுக்குது. தமிழ்நாட்டுல லைசென்ஸ் இல்லாம செய்யறது 1937-ஆம் வருஷ மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஊர்ல இருந்து படிக்கிறவங்க படிச்சுட்டு அப்படியே மூடி வச்சிருங்க. செஞ்சு பாக்காதீங்க.

இன்னொரு விஷயம். குடி பிடிக்காதவங்களுக்கும் இதுல விஷயம் இருக்கு. எப்படின்னு போகப் போகத் தெரியும்.

கிட் பீர்ல முக்காவாசி வேலைய டின் விக்கிறவனே முடிச்சுடறான். நாம டின்னைத் திறந்து வாளில ஊத்துறோம், சர்க்கரை போடுறோம், தண்ணி ஊத்துறோம், ஈஸ்ட் தூவுறோம். அரை மணி நேர வேலை. இதுல தப்பு நடந்தா பீர் கொஞ்சம் நல்லாருக்காது, அவ்வளவுதான். ஆனா பாட்டில்ல அடைக்கிற நாள் அப்படி இல்லீங்க. அன்னைக்குக் கணக்கு தப்பினா பாட்டில் வெடிக்கும். அதனால இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு நாளைப் பத்தித்தான்.

முதல்ல டின்ல என்ன இருக்குன்னு சொல்லிடறேன். நமக்கு ஒரத்தநாடு. இப்ப பொழப்பு மெல்போர்ன்ல. ஊர்ல நாத்தங்காலுக்கு விதை நெல்லு எப்படி தயார் பண்ணுவாங்க? ஊறப் போட்டு, தண்ணிய வடிச்சு, சாக்குல கட்டி, மேல வைக்கோலைப் போட்டு மூடி, பாரம் வச்சிருவாங்க. மறுநாள் சாக்குக்குள்ள கைய விட்டா கதகதன்னு இருக்கும், வெள்ளையா முளை எட்டிப் பாக்கும். நெல்லுக்குப் பதிலா பார்லிய அதே மாதிரி முளைகட்டி, நாத்தங்கால்ல தெளிக்காம உலர வச்சா அதுக்குப் பேருதான் மால்ட். முளைக்கும்போது தானியத்துல உண்டாகிற நொதி, வெந்நில ஊற வைக்கிறப்ப மாவுச்சத்தைச் சர்க்கரையா மாத்திடும். அந்த இனிப்புத் தண்ணிய ஹாப்ஸ் பூவோட கசப்பு சேர்த்து, பாகா சுண்ட வச்சு டின்ல அடைச்சா அதுதான் கிட். நான் வாங்குறது கூப்பர்ஸ் கம்பெனி டின், 1.7 கிலோ. பாக்க வெல்லப்பாகு மாதிரி கருப்பா இருக்கும். கூட ஒரு கிலோ சர்க்கரை, மொத்தம் 23 லிட்டர் வர்ற மாதிரி தண்ணி, 7 கிராம் ஈஸ்ட். அவ்வளவுதான் சமையல்.

ஒரு வாரம், பத்து நாள்ல ஈஸ்ட்டு சர்க்கரையத் தின்னு ஆல்கஹாலும் கரியமில வாயுவும் ஆக்கிடும். வாளி மூடில இருக்கிற ஏர்லாக் வழியா வாயு எல்லாம் களக் களக்னு வெளிய போயிடும். அப்ப வாளில இருக்கிறது பீர்தான், ஆனா சப்புன்னு இருக்கும். வாயு போன சோடாவ குடிச்ச மாதிரி. நுரை வேணும்னா திரும்ப வாயு ஏத்தணும்.

இங்கதான் நம்மூர் கோலி சோடாவுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம். ஹிராம் காட்னு ஒரு இங்கிலாந்துக்காரர் 1872-ல காப்புரிமை வாங்கின பாட்டில் அது. சின்ன வயசுல கடைத்தெரு சோடா கம்பெனி வாசல்ல நின்னு வேடிக்கை பாப்போம். சிலிண்டர்ல இருந்து கேஸ் ஏறும். பாட்டில் தலைகீழா சுத்தி நிக்கும்போது கோலி கழுத்துக்கு வரும். உள்ள இருக்கிற அழுத்தமே கோலிய ரப்பர் வளையத்தோட சேர்த்து இறுக்கிப் பிடிச்சுக்கும். பாட்டில் வெடிச்சா கண்ணு போயிடும்னு எங்களக் கிட்டயே விடமாட்டாங்க.

சோடாவுல வாயு வெளிய இருந்து வருது. வீட்டு பீர்ல வாயு பாட்டிலுக்குள்ளயே பிறக்குது. அடைக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சூண்டு சர்க்கரை சேர்த்து மூடிட்டா, பீர்ல மிதந்துகிட்டு இருக்கிற ஈஸ்ட்டு அதையும் தின்னும். வாயு வெளிய போக வழி இல்லாம பீருக்குள்ளயே கரைஞ்சிடும். இப்படி சர்க்கரை சேர்க்கிறதுக்கு இங்க பிரைமிங்னு பேரு. எவ்வளவு சர்க்கரை போடுறோமோ அவ்வளவு வாயு. குறைச்சா சப்பை, கூட்டினா வெடி.

சரி, கணக்குக்கு வருவோம்.

ஒரு லிட்டர் பீர்ல 4 கிராம் சர்க்கரை போட்டா ஏறக்குறைய ஒரு லிட்டர் வாயு உண்டாகும். 20 டிகிரில புளிச்சு முடிஞ்ச பீர்ல ஏற்கெனவே முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேல வாயு கரைஞ்சே இருக்கும். சாதாரண பீருக்கு வேண்டியது ரெண்டரை லிட்டர் கிட்ட. ஆக லிட்டருக்கு 6 கிராம் போதும். 23 லிட்டருக்கு 140 கிராம். நல்லா பொங்கணும்னு நினைக்கிறவங்க லிட்டருக்கு 8 கிராம் வரைக்கும் போவாங்க. அதுக்கு மேல வேணாம்.

ஆனா சர்க்கரைய எவ்வளவு துல்லியமா நிறுத்தாலும் பிரயோஜனம் இல்லாம போற இடம் ஒண்ணு இருக்கு. வாளில சர்க்கரை இன்னும் மிச்சம் இருந்தா? கண்ணுக்குத் தெரியாது. ஏர்லாக் சத்தம் நின்னு போச்சுங்கிறது சாட்சி இல்ல. குளிருக்கு ஈஸ்ட்டு தூங்கினாலும் சத்தம் நின்னுடும். அதுக்குத்தான் ஹைட்ரோமீட்டர். பால்ல தண்ணி கலந்திருக்கான்னு பாக்குற பால்மானி தெரியும்ல? அதே சாதி. சர்க்கரை கூட இருந்தா மேல மிதக்கும், குறையக் குறைய இறங்கும். ஆரம்பத்துல 1.040 கிட்ட காட்டும். முடியும்போது 1.010-க்குக் கீழ வரும். முக்கியமா, ரெண்டு நாள் தொடர்ந்து பாத்தா ஒரே எண் காட்டணும். நான் மூணு நாள் பாப்பேன்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்னா, 0.003 அளவுக்கு இறக்கம் மிச்சம் இருந்தாலே அது லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை போட்டதுக்கு சமம். நாம போடுறது ஒரு 6 கிராம், உள்ள ஒளிஞ்சிருக்கிறது இன்னொரு 6 கிராம். வாயு ரெட்டிப்பு. சரியா செஞ்ச பாட்டில்லயே 20 டிகிரில கார் டயர்ல அடிக்கிற காத்துக்குக் கொஞ்சம் குறைவான அழுத்தம் இருக்கும். அது ரெட்டிப்பானா என்ன ஆகும்னு யோசிச்சுக்குங்க.

இப்ப அடைக்கிற நாள். வரிசையா சொல்றேன்.

1. கழுவுறது. 740 மில்லி பிளாஸ்டிக் பாட்டில் முப்பது. முதல்ல அழுக்குப் போகக் கழுவணும், அப்புறம் கிருமிநாசினில அலசணும். ரெண்டும் வேற வேற வேலை. அழுக்கு ஒட்டியிருந்தா கிருமிநாசினி அதுக்கு அடியில போகாது. குழாய், மூடி, கரண்டி எல்லாத்துக்கும் இதே கதைதான். நாள்ல பாதி நேரம் இதுக்கே போயிடும். பத்துப் பாத்திரம் தேய்க்க அலுத்துக்கிறவங்களுக்கு இந்தத் தொழில் ஆகாது :-)

2. சர்க்கரை. ரெண்டு வழி இருக்கு. பாட்டில் ஒண்ணுக்கு ஒரு டீஸ்பூன் தலை தட்டிப் போடலாம், இல்ல கடையில விக்கிற சர்க்கரை வில்லை ரெண்டு போடலாம். நான் செய்யறது ரெண்டாவது வழி. 140 கிராமை ரெண்டு டம்ளர் தண்ணில கொதிக்க வச்சு, ஆற விட்டு, சுத்தமான இன்னொரு வாளிக்கு அடியில ஊத்திட்டு, அதுமேல பீரைக் குழாய் வழியா மெதுவா இறக்குவேன். எல்லா பாட்டிலுக்கும் ஒரே சமமா போகும். தவிர, பழைய வாளி அடியில படிஞ்ச மண்டி அங்கயே நின்னுடும். (வெல்லம் போடக்கூடாதான்னு நம்மாளுங்க கேப்பாங்க. போடலாம். ஆனா வெல்லத்துல ஈரம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவுன்னு நிறுத்துச் சொல்ல முடியாது. வெடிக்கிற விஷயத்துல அந்த ஆட்டம் எதுக்கு?)

3. ரொப்புறது. உயரத்துல இருந்து ஊத்தக்கூடாது. நாம காப்பி ஆத்துறமே, அதுக்கு நேர் எதிர். காத்து பட்டா பீர் நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடை அடிக்கும். நீளக் குழாய் நுனில ஒரு வால்வு வச்சிருக்கும். பாட்டில் அடித்தட்டுல அமுக்கினா பீர் வரும், தூக்கினா நிக்கும். கழுத்து வரைக்கும் ரொப்பிட்டு குழாயை உருவினா, குழாய் அடைச்சிருந்த இடம் மேல காலியா நிக்கும். அந்த இடைவெளி சரியா இருக்கும்.

4. மூடி. இறுக்கித் திருகி, ரெண்டு தடவை தலைகீழா கவுத்து நிமித்தி, தேதி எழுதி ஒட்டணும்.

வேலை இவ்வளவுதான். இனி எங்க அம்மா கதை.

2024 மே மாசம் அம்மா மெல்போர்ன் வந்தாங்க. பேரனப் பாக்க. துணி துவைக்கிற ரூம்ல வாளி களக் களக்னு சத்தம் போட்டுகிட்டு இருந்துச்சு. "இதுல என்னாடா பொங்குது"ன்னாங்க. சொன்னேன். ஒண்ணும் பேசல. முகத்தைத் திருப்பிகிட்டு போயிட்டாங்க.

ஜூன் மூணாவது வாரம், பாட்டில் அடைக்கலாம்னு நான் நாள் பாத்திருந்த சமயத்துல, கள்ளக்குறிச்சி கருணாபுரம் செய்தி வந்துச்சு. ஒவ்வொரு நாளும் எண்ணிக்கை ஏறிகிட்டே போச்சு. அறுபதுக்கு மேல சாவு. அம்மா போனைக் கீழ வைக்காம பாத்துகிட்டே இருந்தாங்க. ராத்திரி வந்து நின்னாங்க.

"தம்பி, அந்த வாளியத் தூக்கிக் கொல்லையில ஊத்து. புள்ளகுட்டிக்காரன் நீ. கண்ணு அவிஞ்சு போறதுக்கா இதெல்லாம்?"

உக்கார வச்சு பொறுமையா சொன்னேன். கள்ளக்குறிச்சில ஆளைக் கொன்னது மெத்தனால். அது தொழிற்சாலைல உபயோகப்படுற ரசாயனம். சாராயம்னு சொல்லி அதைக் கலந்து வித்துட்டாங்க. உடம்புக்குள்ள போனா அது ஃபார்மிக் அமிலமா மாறி கண் நரம்பைத் தாக்கும். தானியத்தை ஈஸ்ட்டு புளிக்க வைக்கிறதுல மெத்தனால் ஏறக்குறைய கிடையாது. நான் காய்ச்சி வடிக்கவும் இல்ல. இந்த நாட்டுலயும் லைசென்ஸ் இல்லாம சாராயம் வடிச்சா குற்றம்தான். இது உங்க இட்லி மாவு பொங்குற மாதிரிதாம்மா, விதை நெல்லு முளைகட்டுற மாதிரிதாம்மா... எல்லாம் சொன்னேன். ஹைட்ரோமீட்டரைக் கூட கொண்டாந்து காமிச்சேன்.

அம்மா பூரா கேட்டுகிட்டாங்க. புளிக்கிற விஷயம் அவங்களுக்கு நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல. அப்புறம் நிதானமா கேட்டாங்க.

"சரிடா. அது விஷம், இது விஷமில்ல. எங்கண்ணன் குடிச்சது கடைல வித்த சீல் ஒட்டுன பாட்டில் தானே? அதுலயும் விஷம் இல்லையே. அவரு எதுல செத்தாரு?"

பெரிய மாமா. அம்மாவத் தூக்கி வளத்தவரு. ரெண்டு மா நிலம், மாமியோட தோடு, அப்புறம் ஈரல், இந்த வரிசைல போச்சு. எங்க ஊர் பக்கம் ஒவ்வொரு குடும்பத்துலயும் இப்படி ஒரு ஆள் இருப்பாரு. அதனாலதான் "வீட்டுல பீர் செய்யறேன்"னு நாம விளையாட்டா சொல்ற வார்த்தை அவங்க காதுல வேற மாதிரி விழுது.

நான் பதில் சொல்லல. அம்மாவே தொடர்ந்தாங்க. "வாளில இருக்கற சக்கரைக்கு அளவு பாக்க இந்தக் கண்ணாடிக் குச்சி வச்சிருக்க. நீ குடிக்கிறதுக்கு எந்தக் குச்சிய வச்சுப் பாப்ப?"

அப்புறம் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். அம்மாதான் சொன்னாங்க. அடைக்கிற பாட்டிலுக்கெல்லாம் நம்பர். ஒரு நோட்டு. பாட்டில் திறக்கும்போது நம்பர், தேதி, யார் யார் குடிச்சதுன்னு எழுதணும். ஒளிவு மறைவு கூடாது. முப்பது பாட்டில் மூணு மாசத்துக்குள்ள தீர்ந்துச்சுன்னா அதோட வாளி வெளிய போயிடணும். நான் சரின்னேன்.

மறுநாள் அவங்களே வந்து பாட்டில் கழுவுனாங்க. என்னை விட சுத்தமா. சர்க்கரைய நான் தராசுல நிறுத்தேன், அவங்க கையாலேயே அள்ளி "இது நூத்திநாப்பது இருக்கும்"னாங்க. தராசு 136 காட்டுச்சு. தலைமுறை தலைமுறையா கைப்பதத்துல சமைக்கிறவங்க கிட்ட நம்ம டிஜிட்டல் தராசு எம்மாத்திரம்!

அடைச்சப்புறம் ரெண்டு வாரம் 18 டிகிரிக்குக் குறையாத இடத்துல வைக்கணும். ஜூன், ஜூலை மெல்போர்ன்ல நடுக்குளிர். துணி துவைக்கிற ரூம்ல ராத்திரி 12 டிகிரிக்கு இறங்கிடும், ஈஸ்ட்டு சுருண்டு படுத்துக்கும். அதனால ஹீட்டர் ஓடுற ரூம்ல கம்பளி போத்தி வச்சோம், அதாவது அம்மா படுக்கிற ரூம்ல :-) பிளாஸ்டிக் பாட்டில்ல ஒரு சௌகரியம், வாயு ஏறிடுச்சான்னு அமுக்கிப் பாத்தாலே தெரிஞ்சுடும். முதல் நாள் பொதபொதன்னு இருக்கும். வாயு ஏற ஏற இறுகும். தினமும் காலைல காப்பி குடிச்சுட்டு அம்மா ஒரு பாட்டிலை அமுக்கிப் பாத்து ரிப்போர்ட் குடுப்பாங்க. "இன்னும் பதம் வரல." பன்னெண்டாவது நாள், "கல்லு மாதிரி ஆயிடுச்சு, எடுத்துக்க"ன்னாங்க. ஒரு சொட்டு வாயில வைக்கலங்கிறது வேற விஷயம்.

திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு நாளாவது ஃப்ரிட்ஜ்ல நிக்க வச்சிருங்க. குளிர்ச்சில வாயு நல்லா கரைஞ்சு நிக்கும், திறந்ததும் பீறிட்டு அடிக்காது. அடியில மெல்லிசா வெள்ளை மண்டி இருக்கும், அது ஈஸ்ட்டு. ஆடாம ஒரே மூச்சுல ஊத்தி, கடைசி ஒரு விரல் அளவை விட்டுடலாம். மண்டியோட குடிச்சாலும் ஒண்ணும் ஆகாது. கூப்பர்ஸ் கம்பெனி விக்கிற ஏல் வகை பீர்ல இந்த மண்டி வேணும்னே இருக்கும், ஏன்னா அதுவும் பாட்டிலுக்குள்ளயே திரும்பப் புளிக்கிற சரக்கு. அடிலெய்ட்ல தாமஸ் கூப்பர் 1862-ல ஆரம்பிச்ச கம்பெனி. இங்க பாட்டிலை மேசை மேல உருட்டி மண்டியக் கலக்கிக் குடிக்கிறவங்க நிறைய.

ஊர்ல ஒரு மச்சான் ஒவ்வொரு தடவையும் போன்ல கேப்பான்: "மாப்ள, வர்றப்ப ரெண்டு டின் கொண்டா. தென்னந்தோப்பு கொட்டாய்ல வச்சுப் பாத்துருவோம்." முடியாதுன்னு சொல்றதுக்கு எனக்கு மூணு காரணம் இருக்கு.

ஒண்ணு, சட்டம். மேல சொல்லிட்டேன். வேற நாடுகள்லயும் இது லேசா கிடைச்ச உரிமை இல்ல. இங்கிலாந்துலயே 1963 வரைக்கும் வீட்டு பீருக்கு லைசென்ஸ் வேணும். அமெரிக்காவுல 1978-ல கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம் வந்தப்புறம்தான் மத்திய அரசு அளவுல தடை நீங்கிச்சு. நம்மூர்ல தென்னை மரத்துல இருந்து தானா வர்ற கள்ளுக்கே 1987-ல இருந்து தடை. அந்தத் தடை சரியா தப்பாங்கிறது தனிச் சண்டை. ஆனா இன்னைக்கு மாட்டினா மாட்டினதுதான்.

ரெண்டு, வெயில். சித்திரை, வைகாசில ஒரத்தநாட்டுல 38, 39 டிகிரி சாதாரணம். அந்தச் சூட்டுல ஈஸ்ட்டு தறிகெட்டு ஓடி தலைவலிச் சரக்கா ஆக்கிடும். பாட்டில்ல அடைச்சப்புறமும் சூடு ஏற ஏற அழுத்தம் ஏறும். 20 டிகிரில இருக்கிறதை விட 35 டிகிரில கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு.

மூணு, பொறுமை. கள்ளு இறக்குறவங்க கள்ளை இறுக்கி மூடி வைக்கமாட்டாங்க. பானைல விழுந்த நேரத்துல இருந்தே அது பொங்கிகிட்டு இருக்கும். இனிப்பு மிச்சம் இருக்கும்போதே குடிச்சுடுவாங்க, அதனால ஆபத்து இல்ல. பீர் அப்படி இல்ல. பொங்கி முடியிற வரைக்கும் காத்திருந்து, அப்புறம் அளந்து, மூடி, திரும்பவும் காத்திருக்கணும். மச்சானுக்கு அன்னைக்கு ராத்திரியே வேணும். அவன்கிட்ட 23 லிட்டரைக் குடுத்தா ஹைட்ரோமீட்டர் பாக்குறதுக்கு முன்னாடியே வாளி காலியாயிடும்.

நோட்டு இன்னும் ஓடிகிட்டு இருக்கு. அம்மா ஊருக்குத் திரும்பிட்டாங்க. மாசம் ஒரு தடவை வாட்ஸப்புல அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பிடுவேன். போன மாசம் 11 பாட்டில், அதுல 5 வந்தவங்களுக்கு. "11 கூட"ன்னு ஒரு வார்த்தை பதில் வந்துச்சு. இந்த மாசம் 7-ல நிக்குது.

பி.கு: கண்ணாடி பாட்டில்ல அடைக்கிறவங்க, பீர் பாட்டில்ல மட்டும் அடைங்க. அதுலயும் திருகு மூடி பாட்டில் வேணாம், ஓப்பனர் போட்டு நெம்புற மூடி உள்ள கனமான பாட்டில்தான். ஜாம் பாட்டில், ஒயின் பாட்டில் எதுவும் இந்த அழுத்தம் தாங்காது. முதல் ரெண்டு வாரம் மூடி போட்ட பெட்டிக்குள்ள, பிள்ளைங்க கை படாத இடத்துல வைங்க. ஒரு தடவை அடைக்கும்போது ஒரு பாட்டிலாவது பிளாஸ்டிக்ல ரொப்பி வச்சுக்குங்க. அமுக்கிப் பாக்க ஒண்ணு இருந்தா மத்ததோட நிலைமையும் தெரிஞ்சுடும்.